விண்கல்லில் உயிரைத் தேடிய காலிக்காரர்



பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்று தேடுவதையே தொழிலாகக் கொள்ள முடியுமா? சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால், "முதலில் ஓ.எல். பாஸ் பண்ணு" என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அந்தப் பிள்ளைக்கு ஒருவரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். 1923இல் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும.

அவருடைய படிப்பு நேர்கோட்டில் போகவில்லை. 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்தது மெய்யியல் பட்டம். அதன் பிறகு இலண்டன் பேர்க்பெக் கல்லூரியில் இரசாயனவியல் படித்தார். 1959இல் அந்தப் பட்டம் கைக்கு வந்தபோது வயது முப்பத்தைந்தை எட்டியிருந்தது. 1962இல், நோபல் பரிசு பெற்ற மெல்வின் கல்வினிடம் பேர்க்லியில் கலாநிதிப் பட்டத்தை முடித்தார். பின்னர் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் இரசாயனப் பரிணாமப் பிரிவுக்குத் தலைவரானார்.

அங்கே அவருடைய குழுவின் வேலை பெரும்பாலும் கண்ணாடிக் குடுவைகளோடுதான். ஆதிப் பூமியில் இருந்திருக்கக்கூடிய வாயுக்களை அடைத்து, மின்பொறி பாய்ச்சி, உயிரின் மூலப்பொருட்கள் தாமாக உருவாகின்றனவா என்று பார்த்தார்கள். அப்பலோ விண்வெளி வீரர்கள் கொண்டுவந்த சந்திர மண்ணையும் சோதித்தார்கள். அதில் உயிரின் தடயம் இல்லை. சோதித்துப் பார்த்து "இல்லை" என்று சொல்வதும் விஞ்ஞானிக்குரிய கடமையே.

1969 செப்டம்பரில் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் அவருடைய குழு அமினோ அமிலங்களைக் கண்டது. ஆனால் கல்லைத் தொட்டவரின் விரல் வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டே! அவர்கள் அவசரப்படவில்லை. அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு இடது, வலது என இரு வடிவங்கள் உண்டு. பூமியிலுள்ள உயிர்கள் புரதம் கட்ட எடுப்பது இடது வடிவத்தை. இந்தக் கல்லிலோ இரண்டும் ஏறக்குறையச் சம அளவில் இருந்தன. புரதங்களில் காணப்படாத அமினோ அமிலங்களும் சேர்ந்திருந்தன. ஆகவே அவை கைபட்டு ஒட்டியவையல்ல, விண்வெளியிலேயே உருவானவை என்று 1970 டிசம்பரில் அறிவித்தார்கள். உயிரைக் கண்டுவிட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. உயிருக்கு வேண்டிய பொருள் அங்கேயும் உருவாகிறது என்ற அளவோடு நின்றார்கள். அவர்மீது எனக்குள்ள மரியாதை அந்த நிதானத்தால் வந்தது.

1971 முதல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1980களில் தாய்நாட்டின் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துக்குப் பணிப்பாளராக வந்து, இளம் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டினார். 1994இல் காலமானார்.

இல்மைத் தேடுவது கடமை என்று நம்பும் சமூகம் நாம். அந்தத் தேடலை டொக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு வாசல்களோடு முடித்துவிடலாமா? வேற்றுக் கிரகத்தில் உயிரைத் தேட இரசாயனவியல் வேண்டும், உயிரியல் வேண்டும், பௌதிகவியல் வேண்டும். இவற்றை நம் பாடசாலைகளிலேயே படிக்கலாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. பெற்றோரே, உயர்தரத்தில் நினைத்த பெறுபேறு வராவிட்டால் பிள்ளையின் கதை முடிந்தது என்று எண்ணாதீர்கள். முப்பது வயதுக்குப் பிறகு இரசாயனவியல் பட்டம் பெற்றவரிடம்தான் நாசா ஒரு பிரிவையே ஒப்படைத்தது.

மாணவச் செல்வங்களே, வானத்தைப் பற்றி உங்களுக்குள்ள கேள்விகளை எழுதி அனுப்புங்கள். விஞ்ஞான ஆசிரியர்களிடம் விளக்கம் பெற்று, வரும் இதழ்களில் வெளியிடுவோம். எந்தக் கேள்வியையும் சிறியது என்று ஒதுக்க மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

அன்புடன்,
ஆசிரியர்