பதுளைக்கும் ஒரு நாள்

இலங்கையை ஆறுதலாகச் சுற்றிப் பார்க்க மூன்று வாரத் திட்டமொன்றை அனுப்பியிருக்கிறாள், லண்டனில் வளர்ந்த என் சாச்சியின் மகள். எல்லவுக்கு நான்கு நாள். எங்கள் பதுளைக்கு ஒன்றுமில்லை. "அங்கே என்ன இருக்கு?" என்கிறாள்.

1924இல் பதுளைக்கு வந்த ரயில்பாதை இங்கேதான் முடிகிறது. உல்லாசப் பயணிகளுக்கோ அது எல்லவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால், தெமோதரையில் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி, தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைவதை அவர்கள் அறியார்.

மூன்று வாரம் என்றதும் வேறொரு பயணமும் நினைவுக்கு வந்தது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் பலர். அப்படி மலையேறியவர்களின் வழிவந்தோர் கொழுந்து பறிக்கும் மலைகள்தாம் இவளுக்கு ஜன்னலோரப் படங்கள்.

லயங்களை வேடிக்கை பார்க்கச் சொல்லவில்லை. என் தோட்டத்துத் தோழியருக்கே அது பிடிக்காது. பசறை பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டு போகலாமே!

எல்லவில் ஒரு நாளை வெட்டி, பதுளை என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.