40 டிகிரி வெயிலில் ஆஸ்திரேலிய ஓணான்... குளிப்பாட்டினால் மட்டும் போதுமா?

ஏப்ரல், மே வந்துவிட்டால் வானிலைச் செய்திகளில் தவறாமல் அடிபடும் பெயர் திருத்தணி. 40 டிகிரியை யார் முதலில் தாண்டுவது என்று வேலூரோடு போட்டியே நடக்கும். பக்கத்தில் இருக்கும் திருவாலங்காட்டுக்கும் அதே வெயில்தான். காரைக்கால் அம்மையார் பாடிய ஆலங்காடே கள்ளியும் தீயும் சூழ்ந்த சுடுகாடு. இப்படி ஓர் ஊருக்கு, செல்லப் பிராணி மோகத்தில் ஒரு குட்டி 'பியர்டட் டிராகன்' வந்து சேர்ந்தால், விற்பவர் சொல்லும் ஆறுதல் என்னவாக இருக்கும்? "இது பாலைவன ஜந்து சார், வெயில் இதை ஒண்ணும் பண்ணாது!"

பாதி உண்மை. நம்ம ஊர் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பல்லியினம், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்பகுதிகளில் வாழ்வது. கழுத்துக்குக் கீழே முள் முள்ளாக இருக்கும் தோல், கோபம் வந்தால் உப்பிக் கறுக்கும். அதனால்தான் 'தாடி' பெயர். ஆனால், அந்த வெயிலில் அது நாள் முழுக்கக் காய்வதில்லை. காலையில் வெயில் காயும், உச்சியில் நிழலுக்கோ பொந்துக்கோ போய்விடும். கண்ணாடித் தொட்டியில் போவதற்குப் பொந்து ஏது?

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். காட்டில் இதற்குத் தேவையான ஈரத்தின் பெரும்பகுதி, தின்னும் பூச்சியிலும் இலையிலும் இருந்து கிடைக்கிறது. மழை பெய்தால் தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தை உயர்த்தி நின்று, உடம்பில் வழிந்து வரும் நீரை நக்கிக் குடிக்கும். தேங்கிய தண்ணீரைப் பல குட்டிகள் கண்டுகொள்வதே இல்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு 'குடிக்குது' என்று நாம் நிம்மதியாக இருப்போம். அது காய்ந்துகொண்டிருக்கும்.

அதனால்தான் வளர்ப்பவர்கள் குளிப்பாட்டும் பழக்கத்துக்கு வந்தார்கள். 'தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சிக்கும்' என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்க ஓடுகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. செதில் போர்த்திய அந்தத் தோலே தண்ணீர் உள்ளே வெளியே போகாமல் தடுக்கத்தான் இருக்கிறது. குளியல் உதவுவது எப்படி என்றால், தண்ணீரில் நிற்கும்போது சில குட்டிகள் குனிந்து குடிக்கின்றன, அவ்வளவுதான். கூடவே மலம் இளகி வெளியேறும், உரியும் தோல் கொஞ்சம் ஈரமாகும்.

குட்டிக்குத் தண்ணீர் முன்னங்கால் மூட்டளவுக்கு மேல் போகக் கூடாது. சூடு 32 முதல் 35 டிகிரி. நம் கைக்கு 'சூடாவும் இல்ல, ஜில்லுனும் இல்ல' என்று இருக்கும் பதம். 10 நிமிடம் போதும். நம் ஊரில் இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகள் 'தண்ணீரைச் சூடாக்குங்கள்' என்கின்றன. மே மாத மதியம் மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்க்கில் இருந்து வரும் குழாய்த் தண்ணீரில் நாமே கை வைக்க முடியாது! காலையிலேயே ஒரு பக்கெட்டில் பிடித்து வைத்துவிடுங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டால் சந்தேகமே வேண்டாம்.

குளியல் நேரம் முழுக்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். போன் வந்தது என்று எழுந்து போகிற வேலையெல்லாம் இங்கே ஆகாது. தாடி கறுத்து, வெளியே ஏறத் துடித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். பயத்தில் நிற்கும் குட்டி எதையும் குடிக்காது. முடிந்ததும் மெல்லிய துணியில் ஒற்றி எடுத்து, வெதுவெதுப்பான இடத்தில் விட வேண்டும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை தாராளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதையும் குறைக்கலாம். காற்றிலேயே ஈரம் இருக்கும்போது தொட்டியும் நனைந்தே கிடந்தால் நுரையீரல் தொற்று வரும்.

என்னைக் கேட்டால், குளியலைவிட எளிய வழிகள்தான் முதலில். கீரையைக் கழுவி, நீர் சொட்டச் சொட்டவே வைக்கலாம். டிராப்பரில் மூக்கு நுனியில் ஒரு சொட்டு விட்டால், பெரும்பாலும் நாக்கை நீட்டி நக்கும். வாயைத் திறந்து உள்ளே பீய்ச்சவே கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். பசலை, பாலக் தினமும் வேண்டாம். அதில் இருக்கும் ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. குட்டிக்குப் பூச்சிதான் முக்கிய உணவு. அந்தப் பூச்சிகளுக்கு முந்தின நாளே காய்கறி போட்டு வைத்தால், அந்த ஈரமும் குட்டிக்கே போய்ச் சேரும்.

கண் குழிந்திருக்கிறதா, தோலை மெல்லப் பிடித்து விட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறதா, எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருக்கிறதா... இவையெல்லாம் நீர்ச்சத்து குறைந்ததன் அறிகுறிகள்.

காய்ந்தே வரும் குட்டிகள்

இந்த அறிகுறிகள் வாங்கிய அன்றே இருக்கலாம் என்பதுதான் யாரும் பேசாத விஷயம். 2023 ஆகஸ்ட்டில், பாங்காக்கில் இருந்து பெங்களூரு வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 234 உயிரினங்களை சுங்கத்துறை பிடித்தது. மலைப்பாம்பு, பச்சோந்தி, இகுவானா, ஆமை என்று அடைத்து வைக்கப்பட்டிருந்தவற்றோடு ஒரு கங்காரு குட்டி இறந்து கிடந்தது. சென்னை விமான நிலையத்திலும் தாய்லாந்து விமானங்களில் இப்படிப் பிடிபடுவது வழக்கமாகிவிட்டது. பிடிபடாமல் வருபவையும் சந்தைக்குத்தான் போகின்றன. மணிக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் வந்த ஒரு குட்டிக்கு, 'வாரம் எத்தனை முறை குளியல்?' என்ற கேள்வியே ரொம்பத் தாமதம்.

சட்டம் என்ன சொல்கிறது? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில், 'சைட்டீஸ்' பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்கள் நான்காம் அட்டவணைக்குள் வந்தன. 2024 பிப்ரவரி 28-ல் வந்த விதிகளின்படி, அவற்றை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் 'பரிவேஷ் 2.0' தளத்தில் பதிய வேண்டும் என்றார்கள். பொதுவாக வளர்க்கப்படும் பியர்டட் டிராகன் சைட்டீஸ் பட்டியலில் இல்லை. அதனால் 'லீகல் சார்' என்று தைரியமாக விற்கிறார்கள். பதிவு வேண்டாம் என்பது வேறு, முறையாக நாட்டுக்குள் வந்தது என்பது வேறு. உயிருள்ள விலங்கை இறக்குமதி செய்ய உரிமமும், நோய்த்தடுப்புத் துறை அனுமதியும் வேண்டும். ஆஸ்திரேலியாவோ தன் நாட்டு விலங்குகளை வணிகத்துக்காக உயிரோடு வெளியே அனுப்புவதே இல்லை. ஆக, 'எங்கே பிறந்தது, பில் இருக்கா?' என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பதில் மழுப்பலாக வந்தால், வாங்காமல் திரும்பி வருவதே சரி.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? அப்படியென்றால் இந்தக் கோடையில் கவனிக்க வேண்டியது பல்பைத்தான். தொட்டியின் ஒரு முனை 38-40 டிகிரி, மறுமுனை 27-28 என்பது கணக்கு. திருவாலங்காட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாத மதியம், அந்தக் குளிர்ந்த முனையே இருக்காது. மதியத்தில் சூட்டு பல்பை அணைத்துவிட்டு, புற ஊதா 'யூவிபி' டியூப்பை மட்டும் எரியவிடுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் கிடைக்காது, சூடு மட்டும்தான் ஏறும். கரன்ட் போனால் தொட்டியைத் தரைத்தளத்துக்கு, தாழ்வான இடத்துக்குக் கொண்டு வந்து, துணி சுற்றிய குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை ஒரு மூலையில் வைக்கலாம். வாயைத் திறந்தபடி வெயில் காய்வது இயல்பு. நிழலுக்கு வந்த பிறகும் வாயை மூடாமல் தளர்ந்து கிடந்தால் ஆபத்து. அப்போது ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணி போதும்.

குளிப்பாட்டிய பாத்திரத்தைச் சமையலறை சிங்க்கில் கழுவக் கூடாது. ஆரோக்கியமாகத் தெரியும் பியர்டட் டிராகனின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2024-ல் இந்தப் பிராணியோடு தொடர்புடைய சால்மோனெல்லா பரவலை விசாரித்தது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் இதை வளர்க்காமல் இருப்பதே நல்லது.

ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவர் உள்ளூரில் கிடைப்பது கஷ்டம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் பலருக்கும் கடைசிப் புகலிடம். திருவாலங்காட்டில் இருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில் உண்டு. போவதானால் விடியற்காலை ரயிலைப் பிடியுங்கள். காற்றுத் துளை போட்ட பெட்டியில் ஒரு ஈரத்துணி, கூடவே அன்றைக்குப் போட்ட எச்சம் ஒரு சின்ன டப்பாவில்... மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.