சோம்பல் அன்று, கழுத்து நோய்!



நன்றாக எழுதிக்கொண்டிருந்த ஒருவரின் கையெழுத்து திடீரெனக் கோணலானால் நாம் என்ன சொல்வோம்? “வயதாகிவிட்டது” என்போம். அவர் ஆசிரியராக இருந்துவிட்டால் “அக்கறை குறைந்துவிட்டது” என்றும் சேர்த்துச் சொல்வோம். நானும் அப்படித்தான் எண்ணினேன். அந்தத் தவற்றை ஒப்புக்கொள்வதற்காகவே இதனை எழுதுகிறேன்.

என்னுடன் பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர். வெண்பலகையில் அவர் எழுதிய எழுத்தைப் பார்த்துத்தான் முதலாம் ஆண்டு மாணவர் பலர் எழுதப் பழகினர். ஐம்பது வயதைக் கடந்தபின் அந்த எழுத்து சிறிது சிறிதாகச் சிதையத் தொடங்கியது. எழுதுகோல் கைநழுவி விழும். தாளைப் புரட்ட விரல்கள் தடுமாறும். பயிற்சிப் புத்தகங்கள் சரியாகத் திருத்தப்படவில்லை என்று பெற்றோர் சிலர் முறையிட்டனர். “ஐயா, கொஞ்சம் கவனமாக எழுதுங்களேன்” என்று நானே ஒருநாள் சொன்னேன். “கை சொன்னபடி கேட்கவில்லை, தம்பி” என்று கூறிச் சிரித்தார். அந்தப் பதில் எனக்குச் சாக்காகவே பட்டது.

ஓராண்டு கழிந்தது. ஒரு மழைநாளில் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். பெரிய வீழ்ச்சியன்று, ஆனால் அவரால் கைகளைத் தூக்க முடியவில்லை. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தபோதுதான், கை கேட்காததற்குக் காரணம் கையில் இல்லை, கழுத்தில் இருக்கிறது என்பது தெரிந்தது.

நம் முதுகெலும்பு பல எலும்புகளின் அடுக்கு. அவற்றைப் பிணைத்து வைப்பவை உறுதியான நார்கள். அவற்றுள் ஒன்று, எலும்புகளின் பின்புறத்தை ஒட்டி மேலிருந்து கீழாக நீண்டு செல்கிறது. அதற்கு நேர் பின்னால் இருப்பது தண்டுவடம். மூளையின் கட்டளைகளைக் கைகால்களுக்குக் கொண்டுசெல்லும் பாதை. வளைந்து கொடுக்க வேண்டிய அந்த நார் சிலருக்கு மெல்ல மெல்ல எலும்பாகவே மாறிவிடுகிறது. அது தடிக்கத் தடிக்கத் தண்டுவடத்திற்குரிய இடம் குறைகிறது. மருத்துவர்கள் இதனை ‘ஓ.பி.எல்.எல்.’ என்று சுருக்கிச் சொல்வர்.

இந்நோயைப் பற்றி மிகுதியாக ஆராய்ந்தவர்கள் ஜப்பானியர். ஒரு காலத்தில் இது ‘ஜப்பானிய நோய்’ என்றே அழைக்கப்பட்டது. அங்கு முப்பது வயதைக் கடந்தோரில் 1.9 முதல் 4.3 விழுக்காட்டினரிடம் இது காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. பிற இனத்தவரிடமும் இது உண்டு. பெண்களைவிட ஆண்களிடம் மிகுதி. நீரிழிவும் உடற்பருமனும் இதனுடன் தொடர்புடையவை. நீரிழிவு இல்லாத வீடு அரிதாகிவிட்ட நம் சமூகம் இதனைக் கவனிக்க வேண்டும்.

அதே வேளையில் அஞ்சிவிடவும் வேண்டாம். நார் எலும்பானவர்களுள் பலருக்கு எந்தத் தொல்லையும் வருவதில்லை. தண்டுவடம் நசுங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நம்மை ஏமாற்றுவது ஒன்றுதான்: பெரிய வலி இல்லாமலேயே அது முற்றிவிடக்கூடும். ‘வலித்தால்தான் நோய்’ என்னும் நம் எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது.

அப்படியானால் எதைக் கொண்டு அறிவது? 2007ஆம் ஆண்டில் ஜப்பானிய எலும்பியல் சங்கத்தார், கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கென ஒரு வினாநிரலை வெளியிட்டனர். கழுத்து, கை, கால், சிறுநீர்ப்பை, வாழ்க்கைத் தரம் என அதில் ஐந்து பிரிவுகள் உள்ளன. கழுத்துப் பிரிவின் வினாக்கள் மிக எளியவை. உட்கார்ந்தபடியே தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்க முடிகிறதா? ஒரு குவளை நீரை நிறுத்தாமல் குடிக்க முடிகிறதா? பக்கவாட்டில் சற்றுப் பின்னால் இருப்பவரின் முகத்தைத் திரும்பிப் பார்த்துப் பேச முடிகிறதா? படியில் இறங்கும்போது உங்கள் பாதங்களைப் பார்க்க முடிகிறதா?

ஓர் ஆசிரியன் என்ற முறையில் இவ்வினாக்களை நான் வியந்து பார்க்கிறேன். எத்தனை பாகை கழுத்து திரும்புகிறது என்று அவை கேட்கவில்லை. எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்கின்றன. பின்வரிசை மாணவன் அழைத்தால் உடலையே திருப்ப வேண்டியிருப்பதும், மகிழுந்தைப் பின்னோக்கி நகர்த்த அஞ்சுவதும், சோற்றைப் பிசைந்து உண்ணக் கை தடுமாறுவதால் விருந்துகளைத் தவிர்ப்பதும் எந்தப் படத்திலும் தெரியா. அவையே நோயாளியின் உண்மையான இழப்பு.

எங்கள் ஆசிரியருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பு வளையத்தின் பின்பக்கத்தைக் கதவு திறப்பதுபோல் திறந்து, தண்டுவடத்திற்கு இடம் உண்டாக்கும் முறை அது. கைகளில் வலிமை ஓரளவு திரும்பியது. ஆனால் கழுத்து இறுகிவிட்டது. பழைய எழுத்து வரவேயில்லை. நெடுநாள் நசுங்கிய தண்டுவடம் முழுமையாக மீள்வதில்லை. முன்கூட்டியே கண்டறிந்தால் மீட்சி கூடும். நாங்கள் குறைகூறிக் கழித்த ஓராண்டு அவருக்கு எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதை நினைக்கையில் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எனவே, என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஒருவரின் கைத்திறன் குறைந்தால் குறைகூறுவதற்கு முன் காரணம் கேளுங்கள். பொத்தான் போடுவதில் தடுமாற்றம், கைவிரல் மரத்தல், நடையில் தள்ளாட்டம் ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் அனுப்புங்கள். பத்து விநாடிகளில் விரல்களை முழுமையாக மடக்கி விரிப்பதை, நலமானவர் பொதுவாக இருபது தடவையாவது செய்வர். அதற்குக் குறைந்தால் அதுவே நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

இரண்டாவது, கழுத்துப் பிடிப்பு என்றவுடன் சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தைத் திருகவோ சொடுக்கவோ இடந்தராதீர்கள். தண்டுவடத்திற்கு ஏற்கெனவே இடமில்லாத கழுத்தில் அது பேராபத்து.

மூன்றாவது, சிகிச்சை முடிந்து திரும்புகிறவருக்குப் பள்ளி இடங்கொடுக்க வேண்டும். கீழ்த்தளத்து வகுப்பறை, கண்மட்டத்தில் பலகை, அவர் முன்னால் பிறைவடிவில் நாற்காலிகள். இவற்றிற்குப் பெருஞ்செலவு ஆகாது.

கடைசியாகப் பெற்றோர்களே, இது பள்ளியோடு முடிவதன்று. உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ குவளையை அடிக்கடி கைநழுவ விடுகிறாரா? அதட்டாதீர்கள். அருகில் அமர்ந்து, “கூரையைப் பார்க்க முடிகிறதா, அப்பா?” என்று கேளுங்கள்.

நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்