மரத்துல ஒட்டி இருக்கிறதெல்லாம் புல்லுருவி இல்லைங்க

போன மாசம் சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் குடும்பத்தோட தோட்டத்துக்கு வந்திருந்தார். கிணத்துமேட்டு மாமரத்தடியில கயித்துக்கட்டில் போட்டுப் பேசிக்கிட்டு இருந்தோம். காலேஜ் படிக்கிற அவர் பொண்ணு மேலே கை காட்டி, "அங்கிள், அது ஆர்க்கிட் தானே? ஒண்ணு எடுத்துத் தாங்களேன், பால்கனியில வச்சுக்கிறேன்" என்று கேட்டது. "வேண்டாம் பாப்பா" என்றேன். புள்ளைக்கு முகம் சுருங்கிப்போச்சு. ஒரு செடிக்கு என்ன இவ்வளவு கஞ்சத்தனம்னு நினைச்சிருப்பாங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

உண்மையைச் சொன்னா, அந்தச் செடிக்கு முதல் எதிரி நான்தான். பல வருசத்துக்கு முன்னாடி அந்த மரத்துல காய்ப்பு குறைஞ்சுது. கிளையெல்லாம் ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கு, புல்லுருவியாத்தான் இருக்கும்னு ஆளைவிட்டு அரிவாளால சுரண்டச் சொன்னேன். ரெண்டு கூடை விழுந்துச்சு. குப்பையோட சேர்த்துக் கொளுத்தினேன். அடுத்த வருசமும் காய்ப்பு கூடலை. நிஜமான புல்லுருவி அந்தப் பக்கத்துக் கிளையில பச்சைப்பசேல்னு நின்னுக்கிட்டு இருந்தது. எரிச்சது அத்தனையும் ஆர்க்கிட்னு பிறகுதான் தெரிஞ்சுது. ஆள் கைக்கு எட்டாத உச்சிக் கிளையில தப்பிச்ச நாலு செடிதான் அந்தப் பொண்ணு பார்த்தது.

ரெண்டுக்கும் வித்தியாசம் ரொம்ப எளிசு. புல்லுருவி அகலமான தடிச்ச இலையோட, மரத்தோட கிளை மாதிரியே கிளைவிட்டு வளரும். ஒட்டின இடம் முண்டு முண்டா வீங்கியிருக்கும். கிளைக்குள்ளேயே புகுந்து தண்ணியையும் சத்தையும் உறிஞ்சும். ஆர்க்கிட்டுக்கு மரம் நிக்க இடம் மட்டும்தான். வேரு பட்டைக்கு மேலேயே ஓடும், உள்ளே நுழையாது. விரல் மொத்தத்துல சாம்பல் வெள்ளையா, நுனி பச்சையா இருக்கும். மழையில நனைஞ்சா அந்த வேரே பச்சையா மாறும். மழையையும் பனியையும் காத்துல வர்ற தூசியையும் வச்சே பிழைச்சுக்கும்.

எங்க மாமரத்துல இருக்கிறது வாண்டா டெஸ்ஸலேட்டா. இலை குறுகலா, நடுவுல மடிச்ச மாதிரி இருக்கும். நுனி யாரோ கடிச்சு வச்ச மாதிரி. பூ பழுப்பும் மஞ்சளும் கலந்து கட்டம் போட்ட துணி மாதிரி இருக்கும், நடுவுல உதடு மட்டும் ஊதா. கிட்டப் போனா நல்ல வாசம். இன்னொண்ணு அக்காம்பே. தோல் மாதிரி தடிச்ச இலை, சின்ன மஞ்சள் பூவுல செம்பழுப்புக் கோடு, கொத்தா இருக்கும். தரையில வளர்றதும் உண்டு. முள்ளுக்காட்டுப் புதருக்கு அடியில பச்சைக் கிழங்கு மண்ணுக்கு மேலே உருண்டையா தெரிஞ்சா யூலோஃபியாவா இருக்கலாம், குனிஞ்சு பாருங்க.

ஆர்க்கிட்னா ஊட்டி, கொடைக்கானல்னு நினைக்காதீங்க. சமவெளியில பழைய புளி, மா, வேம்பு எல்லாத்திலயும் பார்க்கலாம். சொரசொரப்பான பட்டை, வயசான மரம், கொஞ்சம் நிழல் இருந்தாப் போதும். பட்டையை உரிச்சுப் போட்டுக்கிட்டே இருக்கிற தைல மரத்துல தேடாதீங்க.

சரி, ஏன் குடுக்க மாட்டேன்னேன்? ஒரு காய்க்குள்ள தூசி மாதிரி ஆயிரக்கணக்குல விதை இருக்கும். ஆனா அந்த விதைக்குள்ள முளைக்கிறதுக்கான சாப்பாடு கிடையாது. நெல்லும் கடலையும் மாதிரி இல்லை இது. பட்டையில இருக்கிற ஒருவகைப் பூஞ்சை வந்து ஊட்டினாத்தான் முளைக்கும். பிறகு பூக்கப் பல வருசம். நாம பிச்சு எடுக்க ஒரு நிமிசம். வேர் அறுந்த செடி பால்கனி வெயில்ல எத்தனை நாள் தாங்கும்? ஆசை இருந்தா நர்சரியில வளர்த்த செடியை வாங்குங்க. காட்டு வகைகளைப் பார்க்கணும்னா ஏற்காட்டுல 1963-ல ஆரம்பிச்ச தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கு.

அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அது கேட்டது ஒண்ணு, நான் எரிச்சது ரெண்டு கூடை. ரோட்டை அகலப்படுத்தறோம்னு சாலையோரப் புளியமரத்தைச் சாய்க்கும்போது போறது இன்னும் எத்தனையோ. ஒரு மரத்துக்குப் பத்துக் கன்னு நடறோம்னு சொல்றாங்க. நடட்டும், நல்லதுதான். ஆனா அந்தக் கன்னோட பட்டையில ஆர்க்கிட் உட்கார எத்தனை காலம் ஆகும்? அந்தக் கணக்கை யாரும் போடறதில்லை. மரத்தை வெட்டித்தான் ஆகணும்னா, சாய்க்கிறதுக்கு முன்னாடி அதுல இருக்கிற செடிகளையாவது பட்டையோட எடுத்துப் பக்கத்து மரத்துல கட்டலாமே. ஒரு சாக்குக் கயிறு போதும்.

நீங்க ஊருக்கு வரும்போது அண்ணாந்து பாருங்க, போட்டோ எடுங்க. தோட்டக்காரர்கிட்ட "இது புல்லுருவி இல்லைங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. எனக்கு அன்னைக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

பாப்பா, அடுத்த தடவை பூத்ததும் சொல்லி அனுப்பறேன். வந்து பார்த்துட்டுப் போ.