எழுத்து இருக்கிறது, வாசிக்க இயலவில்லை!

சென்ற மாதம் கொக்குவிலில் உறவினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். 2003ஆம் ஆண்டில், அவருடைய தந்தையாரின் அந்தியேட்டியன்று வெளியிட்ட கல்வெட்டுப் பிரதிகளைக் கறையான் அரித்துவிட்டது. குடும்பத்தின் வம்சாவளி முழுமையாக இருந்தது அதில் மட்டுமே. "கவலை வேண்டாம் அப்பா, கணினிக் கோப்பு பத்திரமாக இருக்கிறது" என்று கூறி, மகள் அதனைப் புதிய கணினியில் திறந்தாள். திரை நிறைய ஆங்கில எழுத்துக்கள்! "இது என்ன பிள்ளை, ஒன்றும் விளங்கவில்லையே?" என்று தகப்பனார் திகைத்தார்.

நேயர்களே, இஃது அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யுனிகோட் முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழும் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் அவ்வாறு எழுதிய தமிழைக் காட்டும் ஏற்பாடு விண்டோஸ் 2000 பதிப்பிலேதான் உடன் வந்தது. விண்டோஸ் 98 இருந்த வீட்டார் என் செய்வர்? பாமினி எழுத்துருவை நாடினர். அதில் ஆங்கில 'எம்' எழுத்தின் ஆசனத்தில் தமிழ் 'அ' வீற்றிருக்கும். கணினி ஆங்கிலமென்றே எண்ணிச் சேமிக்கும்; கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். அதனை நிறுவிய கணினி பழையதாயினும் புதியதாயினும் அன்று அது இயங்கியது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலோ வேடம் கலைந்துவிடுகிறது!

பரிகாரம் எளிது. பாமினியை நிறுவினால் தமிழ் மீண்டும் தோன்றும். ஆனால் அத்துடன் நின்றுவிடலாகாது. யுனிகோடுக்கு மாற்றிச் சேமித்தல் வேண்டும். இல்லையேல் ஒரு பெயரைத் தமிழில் தட்டித் தேடினாலும் அகப்படாது. மாற்றிய பின் ஒருமுறை ஒப்புநோக்குவதும் அவசியம். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னே நிற்கும். யுனிகோடிலோ பின்னே பதிவாகும். இவ்விடமாற்றத்தில் பெயர்கள் சிதைவதுண்டு.

காலதாமதமும் நன்றன்று. 2023இல் கூகிள் குரோம் விண்டோஸ் 7க்குப் புதிய பதிப்புகள் வழங்குவதை நிறுத்தியது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. புதிய மென்பொருள், இயங்குதளத்திடம் புதிய பணிகளைக் கேட்கிறது. அவற்றை அறியாத பழைய தளம் கைவிரிக்கிறது. ஆகவே பழைய கணினியைக் கழிக்குமுன் அதனுள் இருக்கும் குடும்பக் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

அன்று மாலை மகள் மாற்றியெடுத்த வம்சாவளியை உரக்க வாசித்தாள். எண்பது வயதைக் கடந்த ஆச்சி கேட்டிருந்து, இரண்டு பெயர்களைத் திருத்தினார். மூன்றாவதாக ஒரு பெயர் கல்வெட்டிலேயே விடுபட்டிருந்தது. இளவயதில் இறந்த அவருடைய தங்கையின் பெயர் அது. இப்பொழுது அதுவும் சேர்ந்துவிட்டது.