புகார் அலுவலர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 15, திருநங்கையர் தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். முதல் சப்-இன்ஸ்பெக்டர், முதல் வழக்கறிஞர் என்று வரிசையாகப் படங்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த முதல் சப்-இன்ஸ்பெக்டர் பிரித்திகா யாஷினி விண்ணப்பம் போட்டபோது படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டைத் தவிர வேறு இடம் கிடையாது. அவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2015 நவம்பரில் தீர்ப்பு வாங்கித்தான் காக்கிச் சட்டை போட முடிந்தது. கோர்ட்டுக்குப் போக வக்கீலும் தெம்பும் இல்லாத ஒரு திருநங்கை, பனியன் கம்பெனியிலோ ஸ்பின்னிங் மில்லிலோ வேலை கேட்டால் அவர் கதி என்ன? உங்கள் எட்டுப் பக்கத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.

நான் கோவை வட்டாரத்து மில்களில் பர்சனல் டிபார்ட்மென்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மஸ்டர் ரோலும் பி.எஃப். கணக்கும்தான் என் உலகம். அந்தப் பழக்கத்தில் சட்டத்தை எடுத்துப் படித்ததால் இந்தக் கடிதம்.

திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் நிறைவேறி, 2020 ஜனவரி 10 முதல் அமலில் இருக்கிறது. ஆள் எடுப்பதிலோ பதவி உயர்விலோ வேறு எதிலுமோ பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது 9-வது பிரிவு. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது 11-வது பிரிவு. இத்தனை பேருக்கு மேல் வேலை பார்த்தால்தான் என்ற வரம்பெல்லாம் இதில் இல்லை. விதிகள் 2020 செப்டம்பரில் வந்தன. முப்பது நாளுக்குள் அலுவலரை நியமி, புகார் வந்தால் பதினைந்து நாளில் விசாரி என்று நாள் கணக்கும் வைத்தார்கள். ஆக, கெடு அந்த ஆண்டு அக்டோபரோடு முடிந்துபோனது. எனக்குப் பழக்கமான மில்களிலும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலும் விசாரித்துப் பார்த்தேன். “அப்படி ஒரு போஸ்ட்டா சார்?” என்றுதான் திருப்பிக் கேட்டார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு தொழிற்சாலையில் எந்தச் சட்டம் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள டைம் ஆபீஸ் வாசலில் உள்ள நோட்டீஸ் போர்டைப் பார்த்தால் போதும். குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், அதன் பக்கத்தில் பெண்களுக்கான பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் செல்போன் எண்ணும். கடைசியில் சொன்னது எப்படி வந்தது? 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இல்லையென்றால் ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம். மறுபடி மாட்டினால் இரட்டிப்பு, லைசென்ஸுக்கே ஆபத்து. அதனால் முதலாளி மறந்தாலும் ஆடிட்டர் மறக்கமாட்டார்.

திருநர் சட்டத்தின் தண்டனைப் பிரிவு 18. கொத்தடிமை வேலை வாங்குவது, பொது இடத்தில் நுழைய விடாமல் தடுப்பது, வீட்டையோ ஊரையோ விட்டு விரட்டுவது, உடலாலோ சொல்லாலோ கொடுமை செய்வது ஆகியவற்றுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. (பாலியல் கொடுமைக்கும் இதே இரண்டு ஆண்டுதான் உச்சம். இது தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டிய அநியாயம்.) வேலை தர மறுத்தால் என்ன தண்டனை, புகார் அலுவலரை நியமிக்காமலே காலம் கடத்தினால் என்ன அபராதம் என்று நேரடியாக ஒரு வார்த்தை கிடையாது. செய்யாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று சட்டமே சொல்லிக் கொடுத்த பிறகு எந்த மேனேஜர் செய்வார்?

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு சம்பவம். கம்பெனி பெயர் வேண்டாம். கான்ட்ராக்டர் மூலம் ஒரு திருநங்கை செக்கிங் டேபிளில் சேர்ந்தார். நல்ல வேலைக்காரர். சான்றிதழில் பழைய ஆண் பெயர் இருந்ததால் சூப்பர்வைசர் தினமும் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுப்பார். லைனே சிரிக்கும். பெண்கள் கழிப்பறைக்குப் போகக்கூடாது, ஆண்கள் பக்கம் அவர் போகமாட்டார். கடைசியில் கேட்டுக்குப் பக்கத்தில் செக்யூரிட்டிகள் பயன்படுத்துவதைக் காட்டினார்கள். இரண்டாவது மாடியிலிருந்து இறங்கிப் போய் வருவதற்குள் மேசையில் பீஸ் மலையாகக் குவிந்துவிடும். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். மாதம் முடிந்தது. “டார்கெட் வரவில்லை” என்று நிறுத்திவிட்டார்கள். ரெஜிஸ்டரில் அந்தக் காரணம் மட்டும்தான் இருக்கிறது. நாளைக்கு யார் வந்து புரட்டினாலும் அங்கே பாகுபாடு நடந்ததற்கு அடையாளமே கிடைக்காது. யாரிடம் முறையிடுவது? கம்பெனியைக் கேட்டால் கான்ட்ராக்டரைப் பார் என்பார்கள். கான்ட்ராக்டர் போனை எடுக்கமாட்டார். திருநம்பிகள் பாடு இன்னும் மோசம். பெண்கள் விடுதியில் தங்கி மில் வேலைக்கு வருகிறவர் தன்னைத் திருநம்பி என்று வாய் திறந்தால் வேலையோடு இருப்பிடமும் போய்விடும்.

“வேலை கொடுத்தாலும் அவர்கள் நிலைத்து நிற்கமாட்டார்கள்” என்று படித்தவர்களே பேசுகிறார்கள். கொச்சி மெட்ரோவை நினைவுபடுத்துகிறேன். 2017-ல் டிக்கெட் கவுன்டரிலும் துப்புரவுப் பணியிலும் இருபதுக்கும் மேற்பட்ட திருநர்களை எடுத்தார்கள். நாடே பாராட்டியது. கொஞ்ச நாளிலேயே சிலர் வேலையை விட்டார்கள். காரணம் சோம்பல் இல்லை, நகரத்தில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தர ஆள் இல்லை. லாட்ஜில் தங்கினால் ஒரு நாள் சம்பளம் அன்றைய வாடகைக்கே காணாது.

உச்ச நீதிமன்றத்துக்கும் பொறுமை போய்விட்டது. இரண்டு மாநிலங்களில் இரண்டு தனியார் பள்ளிகளில் வேலை பறிபோன ஆசிரியை ஜேன் கௌசிக் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் அவருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னதோடு, எல்லா நிறுவனங்களிலும் புகார் அலுவலர் நியமிக்கப்படுவதை அரசுகள் உறுதிசெய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. சட்டத்தில் எழுதியிருப்பதைச் செய்யச் சொல்லவே உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

திருநங்கையருக்கு 2008-லேயே இந்தியாவில் முதன்முதலாக நலவாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. ஓய்வூதியம் தருகிறோம், நகரப் பேருந்தில் கட்டணமின்றி ஏற்றிச் செல்கிறோம். அந்தப் பேருந்தில் ஏறி அவர்கள் போய்ச் சேர ஒரு வேலை வேண்டாமா? கர்நாடகம் 2021-ல் அரசுப் பணிகளில் ஒரு சதவீதம் ஒதுக்கியது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் பெரும்பாலான வேலை இருப்பது தனியாரிடம்.

தொழிலாளர் துறைக்கு என் கோரிக்கை இதுதான். இன்ஸ்பெக்டர் கையில் வைத்திருக்கும் ஆய்வுப் படிவத்தில் “திருநர் புகார் அலுவலர் பெயர், தொலைபேசி எண்” என்று ஒரு கட்டம் சேருங்கள். ஆண்டறிக்கையிலும் சேருங்கள். கான்ட்ராக்ட் ஆட்களின் புகாருக்கும் கம்பெனியே பொறுப்பு என்று சுற்றறிக்கை விடுங்கள். இதற்குப் பெரிய செலவு எதுவும் கிடையாது. கலெக்டர் அலுவலகங்களிலிருந்தே தொடங்கலாம். புகார் அலுவலரை நியமிக்காததற்கு 18-வது பிரிவில் அபராதம் சேர்க்க வேண்டியது மத்திய அரசு. நம் எம்.பி.க்கள் அதைக் கேட்கட்டும்.

பத்திரிகை அலுவலகமும் அந்தச் சட்டத்தின்படி ஒரு நிறுவனம்தான். உங்கள் புகார் அலுவலர் யார் என்பதை இந்தக் கடிதத்துக்குக் கீழே ஆசிரியர் குறிப்பாக வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் ஊழியர்,
சிங்காநல்லூர், கோவை.