கட்டமைப்பும் குழு அமைப்பும்

கணினித் துறையில் அடியெடுத்து வைக்கும் நம் மாணவர் பலரும் நிரல் எழுதும் ஆற்றலையே பெரிதெனக் கருதுகின்றனர். அந்நிரலை எழுதும் குழுக்கள் எவ்வாறு பகுக்கப்பட்டுள்ளன என்பதும் அதே அளவு இன்றியமையாதது என்பது நம் கருத்து.

ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு, அந்நிறுவனத்தாரிடையே நிகழும் கருத்துப் பரிமாற்றத்தின் சாயலையே பெறும் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இல் எடுத்துரைத்தார். திரை வடிவமைப்போர், தரவுத்தளம் பேணுவோர், சோதிப்போர் எனக் குழுக்களைப் பிரித்தால், ரசீதில் ஒரு வரியைச் சேர்க்கவும் மூன்று வாயில்களில் காத்திருக்க நேரும். ரசீதுக்கு ஒரு குழு, வாடிக்கையாளர் கணக்குக்கு ஒரு குழு என மென்பொருளின் கூறுகளுக்கேற்பப் பிரித்தால் அக்காத்திருப்பு குறையும்.

எல்லையை எங்கே வகுப்பது? நம் மாவட்டத்து வள்ளூர் அனல்மின் நிலையம் 1500 மெகாவாட் திறனுடையது. அங்கு உற்பத்தியாகும் மின்சாரம், அனுப்பும் தடத்திற்கும் பின்னர்ப் பகிர்மானத்திற்கும் கைமாறுகிறது. கைமாறும் இடம் ஒவ்வொன்றும் மீட்டரால் அளக்கத்தக்கது. 1957 முதல் ஒரே வாரியமாக இயங்கிய தமிழ்நாடு மின்வாரியம், 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தை ஒட்டி 2010 நவம்பரில் பிரிக்கப்பட்டு, மின்தொடரமைப்பு தனி நிறுவனமாயிற்று. 2024-இல் உற்பத்தியும் பகிர்மானமும் பிரிந்தன. பசுமை ஆற்றலுக்கும் தனி நிறுவனம் அமைந்தது. நிறுவனங்கள் பலவாயினும், 50 ஹெர்ட்ஸ் என்னும் பொது விதி அனைத்தையும் பிணைக்கிறது. குறைவாகக் கைமாறும் இடத்தில் எல்லையை வகுத்து, கைமாறுவதற்குத் தெளிந்த விதி செய்தல் வேண்டும் என்பதே மென்பொருளாளர் இதிற்கொள்ளத்தக்க பாடம்.

பிரித்தல் ஒன்றே அருமருந்தன்று. 2010-க்குப் பின்னும் கடன் சுமை நீங்காமையால், 2017-இல் உதய் திட்டத்தில் தமிழகம் இணைய நேர்ந்தது.

ஆகவே தலைமையிடம் செல்வோர் மிகையான வாக்குறுதி தருதல் ஆகாது. கட்டமைப்பு என்னும் சொல்லைக் காட்டிலும் நாட்கணக்கே தலைமையின் செவியில் ஏறும். சென்ற மூன்று மாதங்களில் செய்த மாற்றங்களை வரிசைப்படுத்தி, பிற குழுக்களின் வாயிலில் அவை காத்துக் கிடந்த நாட்களைக் காட்டுதல் வேண்டும். ஒரு கூற்றினை மட்டும் முதலில் சோதித்துப் பார்க்க இசைவு கேட்டல் நன்று. பதவி குறையுமோ என அஞ்சும் குழுத் தலைவர்க்கும் உரிய இடத்தை முன்னரே சொல்லிவிடல் வேண்டும். சட்டமே ஆணையிட்ட மாற்றத்திற்கு ஏழாண்டுகள் ஆயின எனில், சொல்லால் மட்டும் இசைவிக்க முனைவோர்க்குப் பொறுமை எத்துணை வேண்டும் என்பதை நாம் உணர்தல் நலம்.